ஓரம் நனையாத துணி

கடையில் வாங்கிய டயப்பர் ஒன்றைச் சாப்பாட்டு மேசை மேல் விரித்து, அளவுக் குவளையில் இருபது மில்லி தண்ணீர் எடுத்து நடுவில் ஊற்றினேன். வட்டமாக ஈரம் தெரிந்தது. முப்பது எண்ணுவதற்குள் உள்ளே போய்விட்டது. விரலால் தொட்டேன். காய்ந்திருந்தது. புறங்கையால் தொட்டேன். அப்போதும் காய்ந்துதான் இருந்தது.

"நல்ல சரக்கு. நான் பார்த்து வாங்கினதாச்சே," என்றார் அண்ணி.

அண்ணி என் கணவரின் அக்கா. இதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கிறார். பக்கத்துத் தெருவில், துணிகளை அளவு திருத்தித் தரும் கடையில் தையல் வேலை. வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை எங்கள் வீட்டுக்குள் வந்து போவார். குழந்தை பிறந்த அன்று பெரிய டயப்பர் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஒரு மாசத்துக்குக் கவலையை விடு" என்று கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் போனவர் அவர்தான்.

"ரொம்ப நல்லா இருக்கு அண்ணி. அதான் பிரச்சினை."

"நல்லா இருக்கறது பிரச்சினையா? படிச்சவங்க வீட்டுப் பிரச்சினையே தனிதான்."

அடுத்த டயப்பரில் இரண்டு மில்லி மட்டும் ஊற்றினேன். ஈரம் பட்டால் நீலமாகும் என்று பாக்கெட்டில் எழுதியிருந்த மஞ்சள் கோடு நீலமானது. இருபது மில்லிக்கும் அதே நீலம்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் தெரியவில்லை.

குழந்தைக்கு அன்று ஒன்பதாவது நாள். பிறந்தபோது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிராம். முந்தின நாள், திங்கட்கிழமை, சுகாதார மையத்தில் எடை போட்டபோது இரண்டாயிரத்து அறுநூற்று அறுபது. முதலில் இறங்கும், அப்புறம் ஏறும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஏறத் தொடங்கியிருக்க வேண்டிய நாள் தாண்டிவிட்டது.

எடை போட்ட நர்ஸ் முள்ளையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது யூரின் போகணும்மா. அதுக்குக் கீழே போனா பால் பத்தலைன்னு அர்த்தம். அடுத்த திங்கள் வரைக்கும் எண்ணுங்க. ஆறு வரலைன்னா திங்கள் வரைக்கும் உக்காந்திருக்காதீங்க. தூக்கிட்டு வந்துடுங்க, படுக்க வெச்சுப் பார்த்துக்கலாம்." பிறகு என்னைப் பார்த்து, "பால் நல்லா குடிக்கிறாளா? உங்களுக்கு வலி எதுவும் இருக்கா?" என்று கேட்டார்.

அறையில் இன்னும் இரண்டு அம்மாக்கள் இருந்தார்கள். வாசலில் ஒருவரின் கணவர் பையை மாட்டிக்கொண்டு நின்றார். நான் தலையை ஆட்டினேன். எல்லாம் நல்லபடி என்று அர்த்தம் வரும்படியான ஆட்டல்.

நான் படித்தது வேதியியல். நான்கு வருடமாகக் குடிதண்ணீர் பரிசோதிக்கும் லேபில் வேலை, இப்போது பேறுகால விடுப்பு. எண்ணு என்றால் எண்ணிவிடுவேன். கண்ணில் படாததை எப்படி எண்ணுவது?

அதனால்தான் அன்று காலை மேசை முழுக்கத் துணிகள் கிடந்தன.

முதலாவது, வயிற்றில் இருக்கும்போதே ஆர்டர் செய்து வைத்திருந்த ரெடிமேட் துணி டயப்பர். வெளியே வாத்துப் படம், வரிசையாகப் பட்டன்கள். எல்லாப் பட்டனையும் இறுக்கிப் போட்டும் தொடைப் பக்கம் இரண்டு விரல் போகும் அளவு இடைவெளி இருந்தது. உள்ளே தோலில் படும் அடுக்கு ஈரத்தைக் கீழே இறக்கிவிட்டுத் தான் காய்ந்தே இருக்கும்படி செய்தது. குழந்தைக்குச் சுகம், எனக்கு உதவாது.

இரண்டாவது, அன்பளிப்பாக வந்த புதுப் பருத்தித் துணி. ஊற்றிய தண்ணீர் மேலேயே முத்து முத்தாக நின்றது, பிறகு வழிந்து மேசைக்கு வந்தது. புதுத் துணியில் இருக்கும் கஞ்சியும் பசையும் போக ஐந்தாறு தடவை துவைக்க வேண்டும். அதற்கு நேரமில்லை.

மூன்றாவது, எங்கள் பழைய படுக்கை விரிப்பு. துவைத்துத் துவைத்து மெலிந்து போனது. இருபது மில்லியும் ஒரு வரைபடம் போல உடனே பரவியது. நடுவில் அடர்த்தி, சுற்றிலும் வெளிர், ஓரம் காய்ந்தபடி. எவ்வளவு ஊற்றினேன் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லலாம்.

"இதுதான் அண்ணி."

"இந்தப் பழசுக்கா இவ்வளவு நேரம் ஆராய்ச்சி? என்னைக் கேட்டிருந்தா ஒரே நிமிஷத்துல சொல்லியிருப்பேன். என் பசங்க ரெண்டு பேரும் கிழிசல்லதான் வளர்ந்தானுங்க."

"இருபத்துநாலு துண்டு வெட்டித் தருவீங்களா? ஒவ்வொண்ணுலயும் நம்பர் தைக்கணும்."

"நம்பரா? பட்டாணியை ஜெயிலுக்கா அனுப்பறோம்?"

பட்டாணி என்பது குழந்தை. பெயர் வைக்கும்வரை இருக்கட்டும் என்று அண்ணி வைத்த பெயர்.

"எந்தத் துணி எப்போ நனைஞ்சதுன்னு எழுதணும்."

அண்ணி இந்தத் தடவை கேலி செய்யவில்லை. விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். சாயங்காலம் இருபத்துநான்கு சதுரங்களும் வந்தன. மூலையில் சிவப்பு நூலில் எண். எட்டு மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

முக்கோணமாக மடிக்க வேண்டும். அகலப் பக்கத்தை இடுப்புக்கு அடியில் கொடுத்து, கீழ்முனையைக் கால்களுக்கு நடுவே மேலே கொண்டுவந்து, இரு பக்க முனைகளையும் அதன்மேல் முடிச்சுப் போட வேண்டும். என் முடிச்சு குழந்தை ஒரு உதை உதைத்ததும் அவிழ்ந்தது. கணவருக்கு இரண்டாவது தடவையே கை வந்துவிட்டது. அவர் லிப்ட் மெக்கானிக். கயிறும் கம்பியும் அவர் பேச்சைக் கேட்கும்.

ஏற்பாடு இதுதான். நனைந்த துணியை அலசக் கூடாது, அப்படியே மூடிபோட்ட வாளியில் போட வேண்டும். குளியலறைக் கதவில் கட்டித் தொங்கவிட்ட நோட்டில் நேரமும் துணியின் எண்ணும் எழுத வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் கூட்டிப் பார்த்துவிட்டு, துணிகளைக் கொட்டித் துவைப்பேன். கணவருக்கு மதியம் இரண்டு மணிக்குத்தான் ஷிப்ட். எனவே காலை ஆறிலிருந்து பத்துவரை குழந்தை அவர் பொறுப்பு. இடையில் ஒரு தடவை பாலுக்கு மட்டும் என்னிடம் கொண்டுவருவார். மற்ற நேரம் நான் தூங்க வேண்டும்.

"லேப் மேடம், பென்சிலா பேனாவா?" என்று கேட்டார்.

"பேனா. அழிக்க முடியாதது."

"எங்க லிப்ட் சர்வீஸ் கார்டுலயும் பேனாதான்," என்றார்.

புதன்கிழமை ஐந்து மணிக்கு முதல் கணக்கு. நான்கு.

இரண்டாம் முறை எண்ணினேன். கட்டிலுக்கடியில், தலையணைக்குப் பின்னால், அலமாரி இடுக்கில் தேடினேன். மிச்சம் இருபதும் மடித்தபடி தட்டில் இருந்தன. நான்குதான். அதில் ஒன்று உள்ளங்கை அகலம்கூட நனையவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டை நான் தொடவில்லை. தொடவில்லை என்பதே எனக்குத் தெரியாது. வேலையிலிருந்து வந்த கணவர் மூடியைத் திறந்து பார்த்துச் சொன்னபோதுதான் தெரிந்தது.

"காலையில மையத்துக்குப் போயிடலாம்," என்றேன்.

"முதல் நாள் கணக்கும்மா. ஒண்ணு ரெண்டு விட்டுப் போயிருக்கும். உன் முடிச்சு அவுந்து விரிப்புல போனதையெல்லாம் யார் எண்ணினது? நாளைக்கு ஒரு நாள் பாரு. நாளைக்கும் நாலுன்னா நானே லீவு போட்டுத் தூக்கிட்டு வர்றேன்."

அதில் நியாயம் இருந்தது. ஒரே ஒரு ரீடிங்கை வைத்து லேபிலும் முடிவு எழுத மாட்டோம்.

வியாழக்கிழமை ஆறு.

ஆறு என்று கண்டதும் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மையத்துக்கு போன் செய்தேன். "ஆறு வந்துச்சு சிஸ்டர்." "அப்பாடா. அப்ப திங்கட்கிழமையே வாங்க," என்றார் நர்ஸ். அன்று சாப்பிட்டேன். கணவர் தட்டைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் வைத்தார்.

வெள்ளிக்கிழமையும் ஆறு.

ஆறு வந்தபிறகும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போவேன், திரும்புவேன், நோட்டைப் பார்ப்பேன். எதிர்க் கட்டடத்தில் ஒருவர் பால்கனிக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வருவதற்குள் நான் நோட்டை நான்கு தடவை பார்த்திருப்பேன்.

குழந்தை அழுவது குறைந்திருந்தது. பாலுக்கு எடுத்தால் பத்து வாய் சப்பிவிட்டுத் தூங்கிவிடும். அந்தப் பத்து வாயிலும் எனக்கு வலி உச்சந்தலை வரை போகும். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த ஆணியைப் பார்ப்பேன். அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றால் எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்றெல்லாம் சொல்ல வேண்டும்.

"பாரு, எவ்வளவு அமைதியான பொண்ணு. உன்னை மாதிரி," என்றார் அண்ணி.

குழந்தையின் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். வறண்டிருந்தது. நோட்டில் ஆறு இருந்தது. உதடு வறண்டிருந்தது.

எங்கள் லேபில் சூப்பர்வைசர் ஒருவர் உண்டு. ரீடிங் மோசமாக வந்தால் மறுபடி பார்க்கச் சொல்வார். ரொம்ப அழகாக வந்தால் அவரே எழுந்து வந்து மாதிரிப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். எல்லோரும் அவரைச் சந்தேகக்காரர் என்று சிரிப்போம்.

நோட்டை மறுபடி எடுத்து நேரங்களைப் படித்தேன். வியாழன், காலை ஆறுக்கும் பத்துக்கும் நடுவே மூன்று. மற்ற இருபது மணி நேரத்தில் மூன்று. வெள்ளியும் அதே மாதிரி. காலையில் அப்படித்தான் போகும் போல என்று நோட்டை விட்டேன். அது கயிற்றில் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை எட்டரைக்கே விழித்துக்கொண்டேன். முன்னறையிலிருந்து சத்தமில்லை. எட்டிப் பார்த்தேன். கணவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். குழந்தை அவர் மார்பில் குப்புறக் கிடந்தாள். இரண்டு பேருக்கும் கண் மூடியிருந்தது.

குளியலறைக்குப் போனேன். நோட்டில் ஆறு நாற்பது, ஐந்தாம் எண். எட்டு பத்து, பதினேழாம் எண். எட்டு பத்து என்றால் இருபது நிமிடம் முன்பு.

வாளியைத் திறந்தேன். மேலாகப் பதினேழாம் எண் கிடந்தது. தூக்கினேன். கனமாக இருந்தது.

அந்தக் கனம் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அரை நிமிடம் சந்தோஷமாகக் கையில் வைத்திருந்தேன். பிறகுதான் மூலையிலிருந்து ஒரு சொட்டு என் பாதத்தில் விழுந்தது. மூலை நனைந்திருந்தது. சிவப்பு எண் நனைந்திருந்தது. நான்கு ஓரமும் ஒரே சீராக நனைந்திருந்தன. முடிச்சுப் போடும் முனைகள் இடுப்புக்கு மேலே, வயிற்றில் இருப்பவை. அங்கே எப்படி ஈரம் போகும்?

முகத்தருகே கொண்டுபோனேன். குழந்தையின் வாசனை இல்லை. மெலிதாகக் குளோரின். குழாயைத் திறந்து முதல் தண்ணீர் பிடிக்கும்போது வருமே, அது. நான்கு வருடம் தினமும் முகர்ந்த வாசனை.

சமையலறைத் தராசில் வைத்தேன். தொண்ணூற்றாறு கிராம். காய்ந்த துணி ஒன்று முப்பத்திரண்டு என்று முன்பே எடுத்து வைத்திருந்தேன். அறுபத்துநான்கு மில்லி. பதின்மூன்று நாள் குழந்தை ஒரே தடவையில் அவ்வளவு போகாது. ஐந்தாம் எண்ணையும் எடுத்து வைத்தேன். ஐம்பத்தொன்பது கூடுதல். அதிலும் ஓரமெல்லாம் ஈரம்.

இரண்டு துணிகளையும் ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். நாற்காலிக்கு எதிரே நின்றேன். தட்டை விரலால் தட்டினேன். கணவர் கண்ணைத் திறந்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இது குழாய்த் தண்ணி," என்றேன்.

அவர் குழந்தையின் முதுகில் இருந்த கையை எடுக்கவில்லை.

"இன்னைக்கு ரெண்டா?"

"ம்."

"நேத்து?"

"ரெண்டு."

"வியாழக்கிழமை?"

"அன்னைக்கும் ரெண்டு."

கழித்தேன். நான்கு. நான்கு. இன்று காலையிலிருந்து ஒன்றுகூட இல்லை.

"ஏன்?"

"நீ சாப்பிடல. புதன்கிழமை. கட்டிலுக்கடியில டார்ச் அடிச்சுத் தேடிட்டு இருந்தே. நான் வந்ததுகூட உனக்குத் தெரியல." அவர் குரல் அடங்கியிருந்தது. "அக்கா சொல்லுச்சு, தாய் கவலைப்பட்டா பால் இறங்காதுடா, அவளைக் கவலைப்பட விடாதேன்னு. நான் நினைச்சேன், நம்பரைப் பார்த்தா நீ நிம்மதியாவே. நீ நிம்மதியானா பால் வரும். பால் வந்தா நிஜமாவே ஆறு வரும். அப்புறம் நான் நனைக்க வேண்டியது இருக்காது."

"வரல."

"வரும்னு நினைச்சேன். லிப்ட்டுல மாட்டிக்கிட்டவங்க போன்ல கத்துவாங்க. அரைமணி ஆகும்னு தெரியும். ஆனா ரெண்டே நிமிஷம்னுதான் சொல்லுவோம். உள்ளே இருக்கறவங்க பதறக் கூடாது. பதறினா கதவை நெம்புவாங்க. முதல்ல அவங்களை அமைதிப்படுத்திட்டு அப்புறம்தான் மோட்டார் பக்கம் போவோம்."

"மோட்டார் பக்கம் போனீங்களா?"

நான் அந்தக் கேள்வியைச் சத்தமாகத்தான் கேட்டிருக்கிறேன் போல. குழந்தை சின்னதாக அசைந்தாள். கண்ணைத் திறக்கவில்லை. நான் குனிந்து உள்ளங்காலைச் சுண்டினேன். காலை இழுத்துக்கொண்டாள். அழவில்லை. போன வாரம் என்றால் வீட்டையே கூட்டியிருப்பாள்.

"மையம் ஒரு மணி வரைக்கும்தான்," என்றேன். "கிளம்புங்க."

படியிறங்கும்போது அண்ணி எதிரே வந்தார். கையில் இன்ச் டேப், கழுத்தில் சாவி. எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"என்னடா ஆச்சு?"

"அக்கா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்," என்று ஆரம்பித்தார் கணவர்.

"அப்புறம் சொல்லிக்கலாம்," என்றேன். அண்ணியிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் ஒதுங்கி வழிவிட்டார். நாங்கள் தெருமுனை போவதற்குள் பின்னாலேயே ஓடிவந்து, நான் எடுக்க மறந்த துணிகள் ஆறேழை என் பைக்குள் திணித்துவிட்டு, "முறைக்காதே, கூட வர்றேன்," என்றார்.

மையத்தில் அதே நர்ஸ். அதே தராசு. இரண்டாயிரத்து அறுநூற்று முப்பது.

"ஆறுன்னு சொன்னீங்களே போன்ல," என்றார் நர்ஸ்.

கணவர் முன்னால் வந்தார். "அதுல ரெண்டு நான் நனைச்சது சிஸ்டர். தண்ணில."

நர்ஸுக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னார். வாசலில் காத்திருந்தவர்களும் கேட்டார்கள். அண்ணி நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். நர்ஸ் கணவரைக் கடிந்துகொள்வார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அது இருக்கட்டும். பால் குடிக்கறப்போ எப்படி இருக்கு? போன தடவை நல்லா இருக்குன்னீங்க."

அறையில் இன்று நான்கு பேர் இருந்தார்கள். என் கணவர், அண்ணி, கைக்குழந்தையோடு ஒரு பெண், அவள் அப்பா. எனக்குக் காது சூடாகியது.

"அன்னைக்கு நான் சொன்னது உண்மை இல்லை சிஸ்டர்," என்றேன். "முதல் நாள்லேர்ந்தே வலிக்குது. தாங்க முடியல. காம்பு வெடிச்சிருக்கு. ரத்தம் வருது."

அந்தப் பெண்ணின் அப்பா எழுந்து வெளியே போனார். என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் அது புதுச் செய்திதான்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அஞ்சு நாள் மிச்சம்," என்றார் நர்ஸ். கோபமாகச் சொல்லவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டார். என் கையை நகர்த்தி, குழந்தையின் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, வாய் நன்றாகத் திறக்கும்வரை காத்திருந்து, சட்டென்று அணைத்தார். "காம்பை மட்டும் பிடிச்சா உங்களுக்கு வலி, அவளுக்குப் பட்டினி. வாய் நிறையப் பிடிக்கணும். எங்கே, இப்ப வலிக்குதா?"

வலித்தது. ஆனால் பாதிதான். குழந்தை சப்பினாள், நிறுத்தினாள். பிறகு தொண்டையில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. விழுங்கும் சத்தம். அதுவரை நான் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒவ்வொரு தடவையும் குடித்து முடித்தபின் மிச்சப் பாலைப் பீய்ச்சி, சுத்தமான கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். இரண்டு மணிக்கு ஒரு முறை, தூங்கினாலும் எழுப்பி. டாக்டர் வந்து குழந்தையின் கண்ணைப் பார்த்து, தோலை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒரு நாள் தரலாம் என்றார்.

"நாளைக்கு ஞாயிறு. வார்டுல ஆள் இருப்பாங்க. பத்து மணிக்குத் தூக்கிட்டு வாங்க," என்றார் நர்ஸ். "முப்பது கிராமாவது ஏறலைன்னா உள்ளே படுக்க வெச்சுடுவோம். இந்தத் தடவை யாரும் தண்ணி ஊத்தாதீங்க."

"தராசுல எப்படி சிஸ்டர் ஊத்தறது," என்றார் அண்ணி. யாரும் சிரிக்கவில்லை. அவரே பிறகு தலையைக் குனிந்துகொண்டார். வழியில், "கவலைப்பட்டா பால் இறங்காதுன்னு நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இவன் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்குவான்னு யார் கண்டா," என்றார்.

கணவர் ஷிப்டுக்குப் போகவில்லை. கரண்டியைக் கொதிக்க வைத்தார். கடிகாரத்தில் அலாரம் வைத்தார். குழந்தையை எழுப்ப ஈரத் துணியால் உள்ளங்காலைத் துடைத்தார். பேசினால் பால், கரண்டி, மணி என்றுதான்.

மூன்று மணி சுமாருக்கு அவர் துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, வாளிப் பக்கம் போகவில்லை. நேராக என்னிடம் கொண்டுவந்தார். இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தார். மூன்றாம் எண். நடுவில் உள்ளங்கை அகலம் ஈரம், சுற்றிலும் வெளிர், ஓரம் காய்ந்தபடி. நான் நான்கு மூலைகளையும் தொட்டுப் பார்த்தேன். அவர் அசையாமல் நின்றார். லிப்ட்டில் பரிசோதனைக்கு அதிகாரி வந்தால் அப்படித்தான் நிற்பாராக இருக்கும்.

"பதினெட்டு மில்லி," என்றேன், தராசில் துணியின் எடையைக் கழித்துப் பார்த்து.

"எழுதட்டுமா?"

"எழுதுங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு துணியும் அப்படியே வந்தது. நான் கேட்கவில்லை, அவராகவே விரித்துக் காட்டுவார். நான் ஓரத்தைத் தொடுவேன். தொடும்போது அவர் ஜன்னலைப் பார்ப்பார்.

ஞாயிறு பத்து மணிக்கு இரண்டாயிரத்து அறுநூற்று எழுபத்தைந்து. நாற்பத்தைந்து கிராம். வார்டில் இருந்தவர் சாதாரணமாக எழுதிக்கொண்டு, "வீட்டுக்குப் போங்க," என்றார். கணவர் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டினார். ஏற்கெனவே கட்டியிருந்த லேஸ். அவிழ்த்து மறுபடி கட்டினார். நான் பக்கத்தில் நின்றேன்.

திங்களன்று துணிகள் ஏழு. செவ்வாய் எட்டு. அழுகை திரும்பிவிட்டது. கீழ்த்தளத்திலிருந்து அண்ணி, "அமைதியான பொண்ணுன்னு யாருப்பா சொன்னது?" என்று கத்தினார்.

வியாழக்கிழமை காலை, நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது கணவர் ஒரு துணியோடு வந்து நின்றார். பதினேழாம் எண். விரிக்கப் போனார்.

"வேண்டாம். வாளியில போட்டுடுங்க," என்றேன்.

அவர் கையைத் தாழ்த்தினார். "பார்க்கலையா?"

"போடுங்க."

அவர் போனார். மூடி திறந்து மூடும் சத்தம், பேனா கதவில் உரசும் சத்தம் கேட்டன. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, வெளியே சாமான் வாங்கப் போனார்.

குழந்தை விழுங்குவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபது வரை எண்ணினேன். நாற்பது வரை எண்ணினேன். அவள் தூங்கியதும் படுக்க வைத்துவிட்டு, குளியலறைக்குப் போய் மூடியைத் திறந்தேன்.

"என்ன, வாளிக்குள்ள மீன் பிடிக்கிறியா?" என்று பின்னாலிருந்து அண்ணி கேட்டார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

சிவப்பு எண் இருந்த மூலை விரலில் பட்டது. காய்ந்திருந்தது. மற்ற மூன்று மூலைகளையும் தொட்டேன்.

"ஓரம் காஞ்சிருக்கா?" என்றார் அண்ணி, மெதுவாக.

"காஞ்சுதான் இருக்கு அண்ணி," என்றேன். மூடியை மூடினேன். "நான் பார்த்தேன்னு அவர்கிட்ட சொல்லாதீங்க."